குமரண்ணையின் கணக்கில் பிழை இருக்கவில்லை

பிழை என்னுடையது. குமரண்ணையின் தலையில் அதைக் கட்டிவிட்டு நான் நல்லவனாகத் திரிகிறேன்.

சிரிக்காமல் கேளுங்கள்... சரி, சிரித்தாலும் குற்றமில்லை. வல்வெட்டித்துறையில் அன்று எல்லாரும் சிரித்தார்கள்தான்.

நான் சண்டிலிப்பாய்க்காரன். கணினியை எவரிடமும் படித்தவனல்லன். இணையத்தில் தட்டித்தடவிப் பழகியவன். ஹஸ்கெல் என்ற கணினிமொழியில் எனக்கு அப்படியொரு மயக்கம்! குமரண்ணை வல்வெட்டித்துறைக் கடற்றொழில் குடும்பம். அவருக்குச் சி மொழிதான் உயிர். கடலில் இரண்டு இடங்களுக்கிடையே தூரம் சொல்லும் நிரலை அவர் எழுதினார். அதைத் திரையில் காட்டும் பகுதி என்னுடையது. வலை விட்ட இடத்தை வள்ளக்காரர் தேடி அலையக்கூடாது என்பதே எங்கள் ஆசை.

அவருடைய நிரல் ஓர் இடத்தை ஒரு பொதியாகக் கேட்கும். அகலக்கோடு ஓர் எண், நெடுங்கோடு ஓர் எண், இரண்டையும் சேர்த்துக் கட்டிய பொதி. சி மொழிக்காரர் அதை ஸ்ட்ரக்சர் என்பார்கள். அந்தப் பொதியை அப்படியே தூக்கிக் கையில் கொடுக்க ஹஸ்கெலுக்கு வழியில்லை. தனி எண்களைக் கொடுக்கும்; அல்லது கணினியின் நினைவகத்தில் பொதி இருக்கும் இடத்தை, அதாவது அதன் முகவரியைச் சொல்லும். அவ்வளவுதான். ஆகவே நடுவில் சி மொழியிலேயே ஒரு சின்னப் பாலம் வேண்டும்: முகவரியை வாங்கி, பொதியை எடுத்து, உரிய இடத்தில் ஒப்படைக்க. நாலு வரி வேலை!

அந்த நாலு வரியை எழுத எனக்குத் தெரியாது. குமரண்ணையிடம் கேட்கவோ வெட்கம். என் மொழிக்குச் சி தேவையே இல்லையென்று எத்தனை தேநீருக்கு அவரோடு வாதாடியிருப்பேன்...

எனவே பொதிகளைப் பிரித்து எண்களைத் தனித்தனியாகக் கொடுத்தேன். என் லினக்ஸ் கணினியில் விடை சரியாகவே வந்தது. அங்கே பொதியும் தனி எண்களும் ஒரே வழியாகப் போவது தற்செயல். எல்லாக் கணினியிலும் அப்படியல்ல. இதை நான் வாசித்திருந்தேனா? வாசித்திருந்தேன். வாசித்தும் பேசாமல் இருந்துவிட்டேன்.

குமரண்ணையின் மாமா வள்ளச் சொந்தக்காரர். அவர் வீட்டு விண்டோஸ் மடிக்கணினியில், அயலட்டை கூடி நிற்க, நிரலை ஓட்டினோம். இதே கரையில் கிட்டவுள்ள கீரிமலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் போய் நின்றது!

மாமா கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "உவ்வளவு தூரம் ஓடுறதெண்டால் நான் கனடாவுக்கே போயிடுவன், தம்பி."

வீடு குலுங்கியது. சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்: "ஆர் பாத்த கணக்கு உது?"

"கணக்கு அண்ணையின்ரை பக்கத்தாலைதான் வாறது" என்றேன்.

ஒரு சொல்லும் பொய்யில்லை. மொத்தமும் பொய்.

குமரண்ணை கோபிக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் நிரலை அடியோடு அழித்துத் திரும்ப எழுதினார். இந்தமுறை பொதியைக் கேட்காமல், அதன் முகவரியைக் கேட்கும்படி எழுதினார். எனக்குத் தேவைப்பட்டதும் அதுவே! எல்லாக் கணினியிலும் சரியாக ஓடியது. தன் பழைய கணக்குப் பிழை என்பதற்கு அவருக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

அதன்பிறகு அவர் சி மொழியைத் தொடவேயில்லை. வள்ளக்காரர் புதிதாக ஏதும் கேட்டு வந்தால், தன் கணக்கை நம்பிக் கடலில் இறங்கவேண்டாம், தம்பியிடம் போங்கள் என்று பகிடியாகச் சொல்லி என்னிடம் அனுப்பிவிடுவார். பெயர் எனக்கு வந்தது... வேலையும் வந்தது.

போன மாதம் மாமா வீட்டுக்குப் போய்க் குமரண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வள்ளத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டே கேட்டார்.

"என்ரை மனம் நோகக்கூடாதெண்டு உப்பிடிக் கதைக்கிறாய், என்ன?"

"இல்லையண்ணை, உண்மையாத்தான்."

"ஓம், ஓம்." தூரிகை நிற்கவில்லை. "மாமா, உவன் என்ரை பழியைத் தன்ரை தலையிலை போடுறான், கேட்டியளே?"

மாமா என் முதுகில் தட்டினார். உப்பிடியொரு பிள்ளையை எங்கே காணலாம் என்று உருகினார். நல்லதொரு பாரை மீனைப் பையில் போட்டுத் தந்தார்.

அவர் அழித்த பழைய நிரலின் பிரதி என் சட்டைப்பையில், பென்டிரைவில் இருந்தது. மாமாவின் மடிக்கணினி உள்ளே மேசையில் இருந்தது. ஒரு பாலம் கட்டி ஓட்டிக்காட்டியிருந்தால் கீரிமலை தன் இடத்துக்கு வந்திருக்கும், குமரண்ணையும் நம்பியிருப்பார். பாலம் கட்ட இப்போது எனக்குத் தெரியும்... ஏன் செய்யவில்லை? சொல்லியாயிற்று, நம்பாதது அவர் பாடு என்று உள்ளுக்குள் ஒன்று துள்ளிக் குதித்ததே, அதை உங்களிடம் எப்படி மறைப்பேன்!

மீனை வாங்கிக்கொண்டேன். அன்று வீட்டில் குழம்பு. இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.