மணைமேல் கால் வைத்துத் தொட்ட கம்ப்யூட்டர்

அப்பாவின் குரல் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. செங்கல் அளவுள்ள எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க், அதற்குத் தனியாக ஓர் அடாப்டர், ஒரு யுஎஸ்பி வயர். தொண்டையில் ஆபரேஷன் என்று டாக்டர்கள் முடிவு செய்த அன்றே, இனி குரல் திரும்பாது என்பதையும் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் அலுவலக லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவைப் பேசவைத்துப் பதிவு செய்தேன். என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. சகஸ்ரநாமம் சொன்னார். சாலைக் கடைத்தெருவில் நல்ல சேனைக்கிழங்கைப் பார்த்து வாங்குவது எப்படி என்று சொன்னார். நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று பாவாடையோடு தெருவில் உருண்ட கதையைச் சொன்னார். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் எல்லாவற்றையும் பெட்டிக்கு மாற்றினேன். பிறகு ஆபரேஷன் நடந்தது.

கரமனையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தேன். அந்த வருஷங்களில் திருவனந்தபுரத்தில் லினக்ஸ் ஒரு கட்சி மாதிரி. கொடி பிடித்து ஜாதா போகாத குறைதான். நானும் சேர்ந்திருந்தேன். எங்கள் கம்ப்யூட்டர் படுக்கவே படுக்காது என்று அலுவலகத்தில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பா வீடு திரும்பிய பிறகு பெட்டியை இணைத்து, பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் வரிவரியாக இறங்கின. கீபோர்டில் இரண்டு விளக்குகள் விட்டுவிட்டு மின்னின. லினக்ஸ்காரர்கள் அதற்குப் பேனிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பீதி என்று அர்த்தம். பெயர் வைத்தவனுக்கு என்னைத் தெரிந்திருக்க வேண்டும்.

அணைத்துப் போட்டேன், மறுபடியும் அதுவே. வயரை மாற்றினேன். முன்பக்க சாக்கெட்டிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினேன். லினக்ஸின் அஸ்திவாரமான கெர்னலையே மாற்றினேன். யுஎஸ்பியின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். படுக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். காப்பியாவதெல்லாம் பாதியில் அறுந்து, ஓடாத குப்பையாகக் கிடந்தது. இதைவிடக் கொடுமை, ஒவ்வொரு தடவை படுத்து எழும்போதும் பெட்டிக்குள் ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருந்தது. பெயர்கள் போய் வெறும் எண்கள் நின்றன. திறந்தால் இரைச்சல். சகஸ்ரநாமம் போயிற்று. சேனைக்கிழங்கு போயிற்று. காப்பாற்றப் போகிறேன் என்று தொடத் தொட அவர் குரலை நானே அழித்துக்கொண்டிருந்தேன். தொடாமலும் இருக்க முடியவில்லை.

வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாமென்றால், அலுவலகத்தில் வாசலிலேயே பெட்டியைத் தடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் இணைத்தால், இதை ஃபார்மேட் செய்யவா என்று அது சாவகாசமாகக் கேட்டது. வயரைப் பிடுங்கி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தேன். அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துத் துவாரத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணி. மூச்சு விடும்போதெல்லாம் அது அசையும். எழுதிக் காட்டச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடைசியில், லினக்ஸ் கூட்டத்தார் ஒருவருக்கொருவர் மெயில் எழுதிக்கொள்ளும் குழுவில் என் கதையைக் கொட்டினேன். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். முகம் தெரியாத ஒருவர் மட்டும் வேறு ஒன்று கேட்டிருந்தார்: கம்ப்யூட்டரின் இரும்புக் கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா?

எனக்குச் சிரிப்பு வந்தது. அடிக்காமல் என்ன? சுரீரென்று இழுக்கும். அதற்காகத்தான் மேஜைக்கு அடியில் ஒரு மணை போட்டிருந்தோம். மணைமேல் காலை வைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். விருந்தாளிகளுக்குக்கூடச் சொல்லிவிடுவோம். இதையெல்லாம் பெருமையாகவே எழுதி அனுப்பினேன். பதில் உடனே வந்தது. கெர்னலை விடுங்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கைத் திருகிக் கழற்றினேன். எர்த்துக்கான பச்சை வயர் வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றியிருந்தது. அழகாக, வரிசையாக, யாருடைய கை என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி சுற்றியிருந்தது.

"அப்பா, இதை நீங்களா வெட்டினேள்?"

அவர் மேலே ஆகாசத்தைக் காட்டினார். பிறகு மூலையில், டிவி இருந்த இடத்தைக் காட்டினார். இரண்டு விரல்களைக் கத்தரி போல மூடித் திறந்தார். எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை வந்தால் மத்தியானத்துக்கு மேல் இடிதான். முதல் முழக்கம் கேட்டதும் தெரு முழுக்க டிவி பிளக், கேபிள், டெலிபோன் வயர் எல்லாம் பிடுங்கிப் போடுவார்கள். பிடுங்கியும் போன வருஷம் எங்கள் டிவி எரிந்துபோயிற்று. மின்னல் எர்த் வழியாக ஏறிவரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டராவது பிழைக்கட்டுமென்று அப்பா அந்த வழியையே வெட்டிவிட்டார். போக வழியில்லாத கரண்ட் கேபினெட்டில் ஏறி நின்றது. பெட்டியை இணைக்கும்போதெல்லாம் அதன் வயர் வழியாகப் பாய்ந்தது.

கோபம் தலைக்கேறியது. கத்த வாயைத் திறந்தேன். திருப்பிக் கத்த முடியாதவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அழுகைதான் வந்தது. அவர் என் தலையில் கை வைத்தார். கையைத் தட்டிவிட்டேன்.

பச்சை வயரைச் சேர்த்து முறுக்கி, பிளக்கை மூடி, கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். இந்தத் தடவை அது படுக்கவில்லை. மணையை உதைத்துத் தள்ளிவிட்டு வெறுங்காலோடு தொட்டேன், ஷாக்கும் இல்லை. ஆனால் பெட்டியில் தேறியது ஒரே ஒரு பதிவு. இருப்பதிலேயே சின்னது, பாதியில் நின்றதால் அழித்துவிடலாமென்று நினைத்து, மறந்துபோய் விட்டிருந்தது. அதைக் காப்பி செய்துவிட்டு ஸ்பீக்கரை முழுக்கத் திருகினேன். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.

முதலில் அப்பாவின் இருமல். ஆரம்பிக்கட்டுமா என்று என்னைக் கேட்கும் குரல். அப்புறம் ஸ்பீக்கர் அதிர ஓர் இடி முழக்கம். நாற்காலியிலிருந்த அப்பா சட்டென்று எழுந்து சுவரை நோக்கி நடந்தார். அதற்குள் குரல் வந்துவிட்டது.

"எடீ, இடி இடிக்கறது. அந்தப் பிளக்கைப் பிடுங்கிப் போடு. எத்தனை தடவை..."

அப்பா பிளக்கைப் பிடுங்கினார். திரை அணைந்தது, குரல் நின்றது. பிளக்கைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். மிச்சத்தை அவர் உதடுகள் சொல்லி முடித்தன. கழுத்துத் துணி அசைந்தது.