பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

எங்கள் கடற்கரையில் எதை எழுதினாலும் முதலில் ஒரு சிலுவை போடுவோம். பரீட்சைத் தாளில், மளிகைச் சீட்டில், படகின் முகப்பில் எல்லாம் அதற்குப் பிறகுதான் மற்றது. நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, தங்குகடலுக்குப் போகும் படகுகளை இனி இணையத்தில் பதிய வேண்டும் என்று மீனவர் சங்கத்தில் சொன்னபோது, என் கணவரின் படகை நானே போனில் பதிந்தேன். பெயருக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியைத் தட்டினேன். போனில் சிலுவைக்கு வேறு எங்கே போவது? 'நன்றி, பதிவு ஏற்கப்பட்டது' என்று வந்தது.

அவர் கடலில் இருக்கும்போதே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. புயலுக்கு முன்னால்தான் அது அப்படிக் கிடக்கும்.

சங்கத்துக்கு ஓடினேன். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி காலையிலிருந்து பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு படகாக வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கரைக்குத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் படகைக் கேட்டேன்.

"லிஸ்ட்ல இல்லையேக்கா."

"நான்தாம்லே பதிஞ்சேன். கண்ணத் தொறந்து பாரு."

போனில் இருந்த பதிவைக் காட்டினேன். கூட்டல் குறியைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. இணையத்தில் வருவதை அவன் எக்செல்லில்தான் திறப்பானாம். கூட்டல் குறியில் தொடங்குவதை எக்செல் கணக்கு என்று எடுத்துக்கொண்டு, போட முடியாமல், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பிழை என்று காட்டுமாம்.

"பேரில்லாம தப்பா வந்துருக்குன்னு அந்த வரியெல்லாம் அழிச்சிட்டேங்க்கா."

"வரியெல்லாமா? எத்தனைலே?"

அவன் எண்ணிப் பார்க்கவில்லை. முதலில் பதிந்தது சர்வரில் பத்திரமாக இருக்கும் என்றான். அதை எடுத்துத் தர வேண்டிய, படிவம் செய்து கொடுத்தவரோ போனை எடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜனங்கள் எழுதுவதை எழுத்தாகவே வாங்கி வைக்கத் தெரியாதவருக்குப் படிவம் எதற்கு? இந்தக் குறி ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போடாமல் விட்டிருப்போமே. அதைவிட்டு நன்றி வேறு சொல்லியிருக்கிறது.

முதலில் எங்கள் படகைக் கூப்பிட வைத்தேன். இரைச்சலுக்குள் என் கணவரின் குரல் வந்தது. "திரும்புதோம்" என்றார். பிறகு எங்கள் தெருப் படகுகளை ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல அவன் கூப்பிட்டான். மற்ற ஊர்ப் படகுகள் எனக்குத் தெரியாது. வெளியே கூரைத் தகரம் அடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது.

வடக்கே ஏதோ ஊரிலிருந்து ஓர் அம்மா பஸ் பிடித்து வந்தார். அன்று விடியுமுன்னே மகன் போன படகின் பெயரைச் சொல்லி, அதற்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான்தான் கேட்டேன்.

"பதியும்போது பேருக்கு முன்னால சிலுவை போட்டியளாம்மா?"

"போடாம எம் பிள்ளையக் கடலுக்கு அனுப்புவேனா, ஏளா?"

தம்பி அந்தப் படகைக் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான்; இரைச்சல் மட்டும்தான் வந்தது. காலையிலேயே கூப்பிட்டிருந்தால், அது வயர்லெஸ் எட்டுகிற தூரத்தில்தான் இருந்திருக்கும்.