துறைமுகத்துக்குப் பெண் கேட்டு வந்தவர்

கொழும்புத் துறைமுகத்துக்குப் பாதுகாப்பு போதாதாம், அதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறதாம் என்று டீவியில் சொன்ன அன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரே சிரிப்பு. மடுல்சீமையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வருகிற ரோட்டில் ஆட்டோக்காரன் பாதி வழியிலேயே இறக்கிவிட்டு, "இதுக்கு மேல டயர் தாங்காது பாட்டி, நீங்க தாங்குவீங்க, நடங்க" என்பான். அந்த ரோட்டுக்குப் பணம் இல்லை. கடற்கரையில் வேலி போட இருக்கிறது.

"கடலுக்கு எதுக்கு மதினி வேலி? கடல யாரு தூக்கிட்டுப் போகப்போறான்?" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. எங்கள் ஓரறை வீடுகளுக்கு நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அவள் வீட்டில் தாளித்தால் என் வீட்டில் தும்முவோம்.

"தூக்கிட்டுப் போனாலும் உப்பு கூடிப்போச்சுன்னு திருப்பிக் குடுத்துருவான்" என்றேன்.

என் பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் மகளின் மூத்த பிள்ளை. உயர்தர வகுப்பு வரை படித்து, பதுளையில் கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்து, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தவள். நான் படித்தது, தோட்டத்தில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்துக்கு அடுத்த படி வரைக்கும்தான் என்பதால், எனக்கு எதையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லுவாள்.

"வேலி கடலுக்கில்ல அம்மாயி, பெட்டிக்கு. நம்ம தேயில லொறியில போயி, பெரிய இரும்புப் பெட்டியில ஏறி, கப்பலுக்காகக் காத்துக்கிட்டுக் கெடக்கும். அந்த நேரத்துல எவனாவது பெட்டியத் தொறந்து வேற எதையாவது உள்ள வச்சுட்டான்னா? இந்த ஹாபர் பத்திரமில்லன்னு கப்பல்காரன் வேற ஊருக்குப் போயிருவான். தேயில கரையிலேயே கெடந்து பூசணம் பூத்துப்போகும்."

"சரி. அங்க பெரிய பெரிய யாவாரம் நடக்குதே. அவங்க காசுல வேலி போட்டா என்ன? நான் வாங்குற பருப்புல புடிக்கிற வரிய ஏன் கொண்டுபோய்ப் போடணும்?"

"பாதி அவங்க போடணும். பாதி அரசாங்கம் போடும். அப்படித்தான் பேச்சு."

அதைக் கேட்டதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் ரோட்டைப் பற்றிக் கேட்டால் தோட்டத்துக் கம்பனி, அரசாங்கத்தைக் கேளுங்கள் என்கிறது. அரசாங்கத்துப் பக்கம் போனால், அது கம்பனி ரோடு என்கிறார்கள். கடலோரத்து வேலிக்கு மட்டும் ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்கிறார்களாம். அடுத்த பிறவியில் வேலியாகப் பிறக்க வேண்டியதுதான் என்றேன். பேத்தி அதற்கும் சிரிக்கவில்லை.

ஏன் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பணத்தில் கேமராக்களும், லொறியை அப்படியே உள்ளும் புறமும் படம் பிடிக்கிற மெசினும் வாங்குகிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்க ஆட்களையும் எடுக்கிறார்கள். அந்த வேலைக்கு அவள் மனுப் போட்டிருந்தாள். கொழும்புக்குப் போய் நேர்முகத்திலும் பாஸ் பண்ணிவிட்டாள். மிச்சமிருந்தது ஒன்றுதான். பொலிஸ் ஊருக்கு வந்து விசாரித்து, இந்தப் பிள்ளையைத் துறைமுகத்துக்குள் விடலாம் என்று சொல்ல வேண்டும். பணம் இந்த வருஷத்துக்கு ஒதுக்கிய பணம். மாதம் முடிவதற்குள் பொலிஸின் பதில் போகாவிட்டால் அடுத்து நிற்கிறவளுக்கு வேலை.

"இது கெடைக்கலன்னா நான் துணிக்கடையில நிக்கத்தான் போகணும் அம்மாயி" என்றாள். அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அவள் அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் அம்மா இன்னும் மலையில் கொழுந்து பறிக்கிறாள். மகளாவது கூடையை மாட்டக்கூடாது என்று ஒரு கம்மல்கூட மிச்சமில்லாமல் படிக்க வைத்தவள்.

"பொலிஸ் வந்தா ஒழுங்கா பேசுங்க. நக்கல் பண்ணாதீங்க" என்று பேத்தி என் கையைப் பிடித்துக் கேட்டாள். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அன்றிலிருந்து லயமே ஜீப்புக்குக் காத்திருந்தது. காக்கிச் சட்டை, தொப்பி, கம்பு. பிள்ளைகளிடம்கூடச் சொல்லி வைத்தோம், ஜீப் வந்தால் ஓடாதீர்கள் என்று.

ஜீப் வரவில்லை. ஒருநாள் முற்பகலில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். கட்டம் போட்ட சட்டை, வாரிய தலை, கையில் ஒரு பை. வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். அவர் பொலிஸ்காரர் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நேரே எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் நின்று, என் பேத்தியின் பெயரைச் சொல்லி, அந்தப் பிள்ளை எப்படி என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் முதலில் பெண் வீட்டுக்கு வர மாட்டார்கள். மாமனோ சித்தப்பனோ யாராவது ஒருவரை அனுப்புவார்கள். அவர் பீலிக்கரையிலோ கடையிலோ நின்று சுற்றிவளைத்துக் கேட்பார். எதற்கு வந்தேன் என்று சொல்ல மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம். அந்த நேரத்தில் லயத்துக்கு ஒரு கடமை இருக்கிறது. பெண்ணைத் தூக்கி வைத்துப் பேச வேண்டும். முந்தின நாள் கோழிக்காகச் சண்டை போட்டவள்கூட வந்து நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவாள். தன் மகளுக்கு ஆள் வரும்போது மற்றவர்கள் சொல்ல வேண்டுமே.

பக்கத்துக் காம்பராக்காரி குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "மதினி, ஆள் வந்திருக்கு! நல்ல எடம் மாதிரி இருக்கு. பைக்கெல்லாம் புதுசு!"

மகள் மலையில். பேத்தி பதுளைக்குப் போயிருந்தாள். பெரிய மனுஷியாக நான்தான் இருந்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ கொடுத்தேன். அவர் மரியாதையாக உட்கார்ந்தார்.

"புள்ளையோட பழக்கவழக்கமெல்லாம் எப்படிம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்துக் காம்பராக்காரி ஆரம்பித்துவிட்டாள். "தங்கம்ங்க. குனிஞ்ச தலை நிமிராது. கண்ணுக்கு முன்னால யாரு போனாலும் வந்தாலும் பாக்காதுங்க."

நானும் சும்மா இருக்கவில்லை. "பாத்தாலும் வெளிய சொல்லாதுங்க. வாயே கெடையாது."

அவர் தேநீரைக் குடிக்காமல் என் முகத்தைப் பார்த்தார். பிடித்துப்போயிற்று என்று நினைத்தேன்.

"வெளி ஆளுங்க யாரும் பழக்கம் உண்டா?"

"ஐயோ, நல்ல மனசுங்க அதுக்கு. வாசல்ல யாரு வந்து நின்னாலும் இல்ல, போங்கன்னு சொல்லத் தெரியாது. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிரும்" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

"தைரியமான புள்ளையா?"

"தைரியமா? பல்லி சத்தம் போட்டாலே அழும்ங்க. ஆறு மணிக்கு மேல படி தாண்டாது" என்றாள் அவள். பெண் அடக்கம் என்று காட்டப் பல்லிதான் எங்கள் பக்கத்தில் வழக்கம்.

"வேலைக்குப் போகணும்னு ஆசையோ?"

இது சிக்கலான கேள்வி. வேலைக்குப் போகிற பெண் சில வீட்டில் வேண்டும், சில வீட்டில் வேண்டாம். நான் நடுவால் போனேன். "சும்மா பொழுதுபோக்குக்குக் கேட்டிருக்குங்க. கல்யாணம்னு வந்தா மறுநாளே விட்டுரும்ங்க."

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மறுபடி உள்ளே வைத்தார். "இந்தியாவுல சொந்தக்காரங்க இருக்காங்களா?"

பக்கத்துக் காம்பராக்காரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். "இருக்காங்களாவா? இவங்க மாமன் வீட்டுல ராமேஸ்வரத்துல சொந்தமா படகே ஓடுதுங்க. இங்கிட்டும் அங்கிட்டும் போய்வரப் பெரிய படகு."

அந்த மாமன் கோயில் வாசலில் சுண்டல் விற்றவர். படகு அவருக்கு அந்த நிமிஷத்தில் கிடைத்தது. நான் மறுக்கவில்லை. நல்ல இடம் ஒன்று வரும்போது ஒரு படகுக்காகவா கெடுப்பது?

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். விடலாமா? இவ்வளவு கேட்டவரிடம் நாங்களும் ஒன்று கேட்க வேண்டுமே. "தம்பி, எல்லாம் சொல்லிட்டோம். மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"எந்த மாப்பிள்ள?"

"அதான், உங்க மாப்பிள்ள."

"அம்மா, நான் பொலிசு" என்றார். "ஹாபர் வேலைக்கு விசாரிக்க வந்தேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் சோறு கொதிக்கிற சத்தம் கேட்டது.

பக்கத்துக் காம்பராக்காரிக்குத்தான் முதலில் உயிர் வந்தது. "ஐயா, பல்லின்னு சொன்னது சும்மாங்க. காட்டுப்பன்னிய வெரட்டிக்கிட்டுப் போற புள்ளைங்க அது! கண்ணு கழுகு மாதிரி. யாரையும் வாசல்ல நிக்க விடாது, கழுத்தப் புடிச்சுத் தள்ளிரும்!"

"ராத்திரி பகல்னு பாக்காது" என்று வெளியில் நின்ற இன்னொருத்தி ஜன்னல் வழியாகச் சொன்னாள். "கல்யாணமே வேணாங்குது!"

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "முதல்ல சொன்னத எழுதவா, இப்ப சொல்றத எழுதவா?"

மகள் மலையிலிருந்து இறங்கி வந்து, "யாரும் வந்தாங்களாம்மா?" என்று கேட்கும்போது என்ன சொல்வேன் என்று யோசித்தேன். பேத்தியின் வேலையை ஒரு பல்லியும் ஒரு படகும் சேர்ந்து முடித்துவிட்டன. தேநீர்க் கோப்பையை அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

"ரெண்டும் வேணாம்" என்றார் அவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அம்மா, நீங்க கண்ணால பாத்தது ஒண்ணு சொல்லுங்க. நல்லதோ கெட்டதோ. இவங்க பேசக்கூடாது."

புகழ்ச்சி என்றால் என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. உண்மையைத் தேட வேண்டியிருந்தது. தேடினால் வாயில் வந்தது கோபம்தான்.

"மண்ணெண்ணெ கெடைக்காமக் கெடந்தோமே, அப்ப லுணுகலையில வரிசையா வரிசை. இந்தப் புள்ளையும் இன்னும் கொஞ்சப் பேரும் வரிசைய ஒழுங்குபடுத்த நின்னாங்க. நான் கேனோட போனேன். பேத்திதானே நிக்கிறா, முன்னுக்குப் போவோம்னு போனேன். 'அம்மாயி, கடைசிக்குப் போங்க'ன்னா."

"நீங்க கெஞ்சினீங்களா?"

"நான் ஏன் கெஞ்சுறேன்? ஏசினேன். 'உன்னப் பெத்தவளையே பெத்தவ நான்'னு ஏசினேன். கால் வலின்னேன். நெஞ்சு வலின்னேன்."

"அதுக்கு?"

"ஒரு கல்லு கொண்டாந்து கடைசியில போட்டு, 'உக்காருங்க, வரிச நகரும்போது கூப்பிடுறேன்'ன்னா. எனக்கு முன்னால இருந்தவனோட எண்ணெ முடிஞ்சுபோச்சு. ஈர வெறக ஊதி ஊதித்தான் சமைச்சேன். அவளோட பேசவே இல்ல. அவளும் மன்னிப்புக் கேக்கல. இன்னிக்கு வரைக்கும் கேக்கல தம்பி!"

சொல்லி முடித்த பிறகுதான் இதையும் கெடுத்துவிட்டேனே என்று பட்டது. சொந்தப் பாட்டிக்கே இரக்கம் காட்டாத பிள்ளை என்றல்லவா ஆகிறது? பக்கத்துக் காம்பராக்காரி தலையில் கை வைத்தாள்.

அவர் பேனாவை எடுத்தார். இந்த முறை உள்ளே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் எழுதினார்.

"அந்தப் படகு?" என்றார் தலை நிமிராமல்.

"படகில்ல தம்பி. சுண்டல் வண்டி. அந்த மனுஷனும் போய்ச் சேர்ந்துட்டாரு."

ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். மோட்டார் சைக்கிளை அவர் உதைக்கும்போது பக்கத்துக் காம்பராக்காரி வாசல் வரை போய், "தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டாள். அவளை மாற்ற முடியாது.

பேத்தியிடம் அன்றே சொன்னோம். எல்லாவற்றையும் சொன்னோம், பல்லி உட்பட. அதன்பிறகு எங்கள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. மகள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் போனாள். மாதம் முடிகிற வாரத்தில் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. கையொப்பமிட வரச் சொன்னார்கள். பேத்தி போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "பல்லியா அம்மாயி, பல்லியா?" என்று கேட்டு என் தோளில் அடித்தாள். பிறகுதான் அழுதாள்.

அவள் போய்ச் சில மாதம் கழித்து, கொழும்பில் ஒரு கல்யாணத்துக்குப் போன நானும் மகளும் அவளைப் பார்க்கத் துறைமுக வாசலுக்குப் போனோம். வேலியில் புது பெயின்ட் பளபளத்தது. கம்பம் கம்பமாகக் கேமரா. வாசலில், இதைத் தாண்டக்கூடாது என்று ஒரு மஞ்சள் கோடு. ரொட்டியும் இடித்த சம்பலும் கொண்டு போயிருந்தேன். அவளுக்குச் சாப்பாட்டு நேரம் வரவில்லை. நல்ல வெயில். காவலுக்கு நின்ற பையனுக்கு என்னைப் பார்த்து மனம் இளகிவிட்டது.

"பாட்டி, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நெழல்ல நில்லுங்க. ஒண்ணும் ஆகாது."

"வேணாம் தம்பி" என்றேன். "உள்ள ஒருத்தி டீவியில பாத்துக்கிட்டிருப்பா."

எந்தக் கேமரா அவளுடையது என்று தெரியவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கையை ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் மகளின் போன் அடித்தது. மகள் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆட்டுறத நிறுத்தச் சொல்றா. உள்ள எல்லாரும் சிரிக்கிறாங்களாம்."

ரொட்டிப் பொட்டலத்தை மகளிடம் கொடுத்துவிட்டு மற்றக் கையையும் ஆட்டினேன்.