தெற்கு வானம் தெரிய வேண்டும்: வாவா வரை செய்மதி வானொலியோடு

இலங்கையில் போர் முடிந்த 2009 மே மாதத்து நீண்ட வார இறுதியில், கனடாவில் பிக்கரிங்கிலிருந்து வடக்கே வாவா வரை 940 கிலோமீற்றர் ஓடினோம். உல்லாசப் பயணம் இல்லை. என் நண்பர் றிஸ்வான் நானா ஆர்வி எனப்படும் வீட்டுவண்டிகள் திருத்துபவர். விற்பனையான இருபத்தாறு அடி வண்டியொன்றைத் திங்கள் காலை பத்து மணிக்கு வாவாவில் ஒப்படைக்க அவருக்கு இரண்டாவது சாரதி தேவைப்பட்டது. நானோ வாரக்கணக்காகக் கணினி முன்னால் குந்தியிருந்தேன். போர் நடந்த வன்னிக்குள் இருந்த என் தங்கை வசந்தியோடு மாசிக்குப் பிறகு தொடர்பில்லை.

"நீங்கள் போட்டு வாங்கோ. போன் வந்தா நான் எடுக்கிறன்" என்று என் மனைவி சுமதிதான் அனுப்பிவைத்தாள்.

எனக்கு ஒரே நிபந்தனை: வழி முழுக்கச் செய்தி கேட்கவேண்டும். சூ சேன்ட் மேரி நகரைத் தாண்டினால் கைபேசி பெரும்பாலும் செத்துவிடும், எஃப்.எம். வானொலியும் அப்படித்தான். ஆகவே என் காரிலிருந்த செய்மதி வானொலியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

சனி காலை 5.40க்குப் புறப்பட்டோம். அன்ரெனாவை முன்கண்ணாடிக்குள் வைத்திருந்தோம். பாறையை வெட்டிப் போட்ட வீதி தொடங்கியதும் ஒலி விட்டுவிட்டு வந்தது. சட்பரியில் நிறுத்தி, அடியில் காந்தமுள்ள அன்ரெனாவைக் கூரைக்கு ஏற்றினேன். வழுக்கி விழுந்தது.

"இது பைபர் கூரை தம்பி. காந்தம் எங்க ஒட்டும்?" என்று நானா சிரித்தார்.

பக்கத்துக் கடையில் ஏழு டொலருக்கு கேக் சுடும் இரும்புத் தட்டு, நாலு டொலருக்கு ஒட்டுநாடா. தட்டைக் கவிழ்த்துக் கூரையின் நடுவில் ஒட்டி, அதன்மேல் அன்ரெனா. அதன்பிறகு சூ சேன்ட் மேரி வரை, 310 கிலோமீற்றரும், குரல் கண்ணாடி மாதிரி. நீங்களும் இதையே செய்யுங்கள். வேறு விலைகூடிய பொருள் எதுவும் தேவையில்லை.

சனி இரவு சூ சேன்ட் மேரியில் படுத்து, ஞாயிறு மாலை வாவாவுக்கு 60 கிலோமீற்றர் முன்னால் ஒரு சுற்றுலா முகாமில் தங்கினோம். வாடகை 32 டொலர். ஏரிக்காற்றின் குளிருக்குப் பயந்து பாறைக்குன்றுக்குப் பின்னால் இடம் பிடித்தது நான்தான். செய்மதி நிற்பது தெற்கு வானத்தில்; குன்று நின்றதும் தெற்கே. வானொலி ஊமையானது. ஓர் இரவுதானே என்று படுத்தேன், கண் மூடவில்லை.

திங்கள் ஆறு மணிக்கே நானாவை எழுப்பினேன். பதினாலு கிலோமீற்றர் தள்ளி ஏரிக்கரையில் வண்டி நிறுத்துமிடம் ஒன்று இருந்தது. தெற்கே தண்ணீரும் வானமும் மட்டும். இயந்திரத்தை நிறுத்துமுன்பே குரல் வந்துவிட்டது. போர் முடிந்துவிட்டதாக இலங்கை அரசு அறிவித்திருக்கிறது என்றது. ஒரு நிமிடம் இருக்கும். அடுத்தது ஹொக்கி.

1990இல் புலிகள் முஸ்லிம்களோடு நானாவின் குடும்பத்தையும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றியபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அவர் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"எங்களை ஊரை விட்டு அனுப்பின நாளிலயிருந்து, இது எப்ப முடியுமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். முடிஞ்சிட்டுது. ஆனா சந்தோசப்பட வாய் வருதில்லை தம்பி."

வசந்தியின் மகளுக்கு நாலு வயது என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

"உதில இருந்து என்ன செய்யிறது? போனுக்குப் போவம்" என்று அவரே வண்டியை எடுத்தார்.

வாவா பெற்றோல் நிலையத்தில் பொதுத் தொலைபேசி இருந்தது. முதல் மணியிலேயே சுமதி எடுத்தாள்.

"இரவு முழுக்க உங்களுக்கு அடிச்சனான். வசந்தி இருக்கிறாள்! பிள்ளையும் அவளும் வவுனியா முகாமில. அங்க அவையைக் கண்ட ஆள் நேரா எனக்குப் போன் எடுத்துச் சொன்னது."

"அவளின்ர மனுசன்?"

"அவரைப் பற்றி ஒண்டும் தெரியாதாம்."

வெளியே நானா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இருக்கிறாள்" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று என்னை இழுத்து அணைத்தார். அப்போதுதான் அழுகை வந்தது.

பத்து மணிக்கு வண்டியை ஒப்படைத்துவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். வசந்தியின் கணவரை இன்னும் தேடுகிறோம்.

வடக்கே போகிறவர்களுக்கு: தங்குமிடம் எடுக்குமுன் தெற்கே மலையோ அடர்ந்த மரமோ நிற்கிறதா என்று பாருங்கள். இரும்புத் தட்டை மறக்கவேண்டாம். தொலைபேசி அட்டையும் ஒன்று கொண்டுபோங்கள். போர் முடிந்ததைச் செய்மதி வானொலி காட்டுக்குள்ளும் சொல்லும். தங்கை இருக்கிறாளா என்று கேட்க, வீட்டுக்குத்தான் அடிக்கவேண்டும்.