கோல் போடாதவன்

குன்னத்தூரில் பெண் பார்க்கப் போன இடத்தில், எனக்கு என்ன வேலை என்று என் வருங்கால மாமனார் கேட்டார்.

"மில்லுல பந்து வெளையாடறானுங்க" என்றார் என் அப்பா.

மாமனார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "செரீங்க. வேலை என்னங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். "அதுதானுங்க வேலை" என்றேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூர் மில்கள் சிலவற்றில் கால்பந்து அணி இருந்தது. ஆட்டக்காரர்களை நிரந்தரமில்லாத பதிலித் தொழிலாளிகளாக எடுப்பார்கள். காலையில் நூற்புப் பகுதியில் சில மணி நேரம் நிற்க வேண்டும், மதியத்துக்கு மேல் மைதானம். பத்திரிகையில் அணியின் பெயர் வருவது மில் நிர்வாகத்துக்குப் பெருமை. எங்களுக்குச் சம்பளம், பூட்ஸ், வாரம் இரண்டு நாள் முட்டை. மாமனாருக்கு இதெல்லாம் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பையன் குடிப்பதில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அதனால் பெண் கொடுத்தார்.

எங்கள் பூர்வீகம் குண்டடம் பக்கம். கிணறு வற்றியதும் அப்பா காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு திருப்பூர் மண்ணரைக்கு வந்து நிட்டிங் மெஷின் ஓட்டினார். எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டுப் பையன்கள்தான் நொய்யல் மணலுக்குப் பந்தைக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று கோல் அடிக்க ஆசை. கடைசியாக வந்து சேர்ந்த என்னைப் பின்னால் நிறுத்தினார்கள். அங்கேயே நின்றுவிட்டேன்.

ஸ்டாப்பர் பேக் என்று அந்த இடத்துக்குப் பெயர். எதிரணியின் நடு ஃபார்வர்டு எங்கே போனாலும் கூடவே போக வேண்டும். பந்து வந்தால் தலையாலோ காலாலோ வெளியே தள்ள வேண்டும். அது எனக்கு நன்றாகவே வந்தது. வராதது காத்திருப்பதுதான். நம் ஆட்கள் எதிர்ப்பக்கம் போய் அழுத்தி ஆடும்போது, நடுக்கோட்டுக்குப் பின்னால் நான் மட்டும் தனியாக நிற்பேன். அப்போது கால் ஓரிடத்தில் நிற்காது. இந்தப் பக்கம் நடப்பேன், அந்தப் பக்கம் நடப்பேன், அவிழாத லேசை அவிழ்த்துக் கட்டுவேன். பின்னாலிருந்து கோல்கீப்பர் திட்டுவான்.

வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். கல்யாணமான முதல் மாதத்தில் ஒரு நாள் என் மனைவி அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "ஏனுங்க, ஊட்டையே அளந்துகிட்டு இருக்கறீங்க. சித்த உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

மில்லில் என் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நிரந்தரமாவதற்குள் மில்லுக்கே உடம்பு சரியில்லாமல் போனது. ஆலை ஓடாத நாட்கள் அதிகமாயின. முதலில் முட்டை நின்றது, பிறகு அணியே நின்றது. என்னோடு ஆடியவர்களில் சிலர் நூற்புப் பகுதியிலேயே தங்கிவிட்டார்கள். என்னால் முடியவில்லை. சென்னையில் ஒரு கிளப்பில் ஸ்டாப்பர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட வாரமே ரயில் ஏறிவிட்டேன்.

சென்னை லீக் வருடத்தில் சில மாதங்கள்தான் நடக்கும். அந்த மாதங்களுக்கு மட்டும் சம்பளம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் அறையில் நாங்கள் நான்கு பேர். லீக் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு மண்ணரைக்குத் திரும்பிவிடுவேன். என் மனைவி அதற்குள் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராகச் சேர்ந்திருந்தாள். அந்தக் கம்பெனி முதலாளி நல்ல மனிதர். விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் விளையாடுகிறவர்கள் என்றால் அவருக்கு உயிர். லீக் இல்லாத மாதங்களில் எனக்கு பேக்கிங்கில் வேலை போட்டுக் கொடுத்தார். கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டியில் அவருடைய அணிக்கு ஆடச் சொன்னார்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். எதிர்க் கம்பெனிக்காரர்களை ஒரு தடவைகூட எங்கள் பக்கம் பந்தடிக்க நான் விடவில்லை. ஆட்டம் முடிந்து சோடா குடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. மெட்ராஸ் வரைக்கும் போயி ஆடறீங்க. ஒரு கோலும் போடலீங்களே?"

"நான் போடற ஆளில்லீங்க. தடுக்கற ஆளுங்க."

"ஓ" என்றார். பிறகு, "வேணும்னா போடலாமுங்களா?" என்றார்.

அப்போது சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி உடம்புக்குள் எங்கேயோ தைத்துவிட்டது. அடுத்த வருடம் சென்னையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கு மறுநாளும் டீக்கடையில் பேப்பரைப் புரட்டிப் பார்ப்பேன். கோல் அடித்தவர்களின் பெயர் இருக்கும். தடுத்தவன் பெயரை யாரும் போடுவதில்லை. இத்தனை வருடம் அதை நான் கவனித்தே இருக்கவில்லை.

அந்த சீசனில் ஒரு மழை நாள். மைதானம் முழுக்கச் சேறு. எதிரணிக்கு கார்னர். பந்து வளைந்து வந்தது, வெளியே தள்ள எகிறித் தலையைக் கொடுத்தேன். ஈரப் பந்து நெற்றியில் படாமல் உச்சந்தலையில் வழுக்கி எங்கள் வலைக்குள்ளேயே போனது. கோல்கீப்பர் என்னைத் திட்டக்கூட இல்லை. இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்தான். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

மறுநாள் பேப்பரில் என் பெயர் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. "சுய கோல்" என்று போட்டிருந்தார்கள்.

லீக் முடிந்து ஊருக்கு வந்து கம்பெனிக்குப் போனால், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே அந்தப் பேப்பர்த் துண்டு ஒட்டியிருந்தது. என் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. அந்தச் செய்தி வந்த அன்று முதலாளி கம்பெனி முழுக்க டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தாராம். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டுட்டீங்களே தம்பி. அதும் சுயமா. யாரோட ஒத்தாசையும் இல்லாம."

சுற்றிலும் டெய்லர்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் தலையைத் தூக்காமல் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அவள் தோளைப் பார்த்தே புரிந்தது.

"இல்லீங்க. அது நம்ம போஸ்ட்டுக்குள்ளயே போட்டதுங்க. அதைத்தான் சுய கோல்ங்கறது."

அவர் பேப்பர்த் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பரவாயில்லீங்க. டீ குடிச்சாச்சு" என்றார். பேப்பரைக் கிழிக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவியிடம், "உனக்கு முன்னாலயே தெரியுமா?" என்றேன்.

"கட்டிங் மாஸ்டரு சொன்னாருங்க."

"அப்பறம் ஏன் மொதலாளிகிட்டச் சொல்லல?"

"எல்லாரும் சந்தோசமா பன்னு தின்னுகிட்டு இருந்தாங்க. நான் போயி என்னத்தச் சொல்ல?" என்றவள், டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டு சொன்னாள்: "நானும் தின்னேனுங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது சிரிப்பாக இல்லை. அடுத்த சீசனில் நான் வேறு ஆளாக இருந்தேன். பந்து கிடைத்தால் வெளியே தள்ளுவதை விட்டுவிட்டு, அதை உருட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி ஓடினேன். சில நேரம் கூட்டம் கத்தும். அந்தச் சத்தம் பிடித்திருந்தது. பந்தை இழந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நான் விட்டுவந்த இடம் காலியாகக் கிடக்கும், எதிரணி ஃபார்வர்டு அதற்குள் தனியாக ஓடிக்கொண்டிருப்பான். அப்படி இரண்டு ஆட்டம் போனது. மூன்றாவது ஆட்டத்தில் என்னை வெளியே உட்கார வைத்தார்கள். உட்காரத்தான் எனக்கு வராதே. கோட்டுக்கு வெளியே மேலும் கீழும் நடந்தேன். லைன்ஸ்மேன் கொடியால் தள்ளி நிற்கச் சொன்னார். சீசன் முடிந்ததும், இனிமேல் வர வேண்டாம் என்று கிளப்பில் மரியாதையாகவே சொன்னார்கள்.

அந்தக் கோடையில் மண்ணரை வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. பெண் குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கியிருந்தது. அதன் பின்னால் நடப்பது ஒன்றுதான் நிம்மதியான வேலை. பேக்கிங்கில் நின்றால் கதவைப் பார்ப்பேன். தெருவில் இருந்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எந்த ஊர் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று பார்த்துவிட்டு வருவேன்.

அப்போதுதான் மில் அணியில் கூட ஆடிய பாலக்காட்டுக்காரர் ஒருவர் வந்து, மலப்புறம் பக்கம் செவன்ஸ் ஆட வருகிறாயா என்று கேட்டார். அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். மழைக்காலம் போனதும் ஊர் ஊராகப் போட்டி நடக்கும். அணிகள் வெளியூர் ஆட்களை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டிவந்து இறக்கும்.

மனைவியிடம் கேட்டேன்.

"நான் வேண்டாம்னா நிக்கப் போறீங்களா?"

"நீ சொல்லு, நிக்கறேன்."

அவள் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுச் சொன்னாள். "ஊட்டுல இருக்கறப்ப நீங்க இங்க இருக்கறதே இல்லீங்க. அங்கயாவது இருங்க. ஆனா ஒண்ணு. வந்தா, வந்ததாட்ட இருக்கோணும்."

செவன்ஸ் எனக்கென்றே வைத்த ஆட்டம். சின்ன மைதானம், காத்திருக்கவே நேரம் இல்லை. சுற்றிலும் கமுகு மரத்தைக் கட்டி எழுப்பிய கேலரி, விளிம்பு வரை ஆட்கள். நான் சறுக்கி விழுந்து ஒருவன் காலிலிருந்து பந்தைப் பறித்த முதல் தடவை, அந்தக் கேலரி மொத்தமும் கோல் விழுந்தது போலக் கூவியது. எழுந்து யார் கோல் போட்டார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். யாரும் போடவில்லை. எனக்குத்தான் அந்தக் கூச்சல். என் பெயர் அவர்களுக்கு வாயில் நுழையவில்லை, 'திருப்பூர்' என்றே கூப்பிட்டார்கள். இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர், ஜீப்பில் தூக்கம். நிம்மதியாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடிக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பல வருடங்கள். ஒவ்வொரு தடவை ஊர் திரும்பும்போதும் திருப்பூர் கொஞ்சம் மாறியிருக்கும். புதுச் சாயப்பட்டறை, புதுக் கட்டடம், தெருவில் இந்தி பேசும் பையன்கள். நொய்யலில் நாங்கள் ஆடிய மணல் இல்லை, ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு நிறத்தில் தண்ணீர் போனது. என் மனைவி கம்பெனியை விட்டு வெளியே வந்து, வீட்டை ஒட்டியே வாடகைக்கு ஓர் இடம் பிடித்து, நாலு மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக்கொடுக்க ஆரம்பித்திருந்தாள். அடுத்த தடவை ஆறு மெஷின். அவளைத் தேடி ஆட்கள் வருவார்கள். என்னைப் பார்த்தால், "அக்கா இல்லீங்களா?" என்று கேட்பார்கள்.

என் ஆட்டக் காலம் முடிந்தது ஒரு செவன்ஸ் மைதானத்தில்தான். எதிரே ஒரு பொடியன், ஓரமாக விங்கில் ஆடினான். முதல் தடவை என்னைத் தாண்டியபோது கால் வழுக்கியது என்று நினைத்தேன். இரண்டாவது தடவை அவன் எந்தப் பக்கம் போவான் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் என் உடம்பு திரும்புவதற்குள் அவன் போய்விட்டான். மூன்றாவது தடவை நான் முயற்சிகூடச் செய்யவில்லை. அணி மேனேஜர் கோட்டருகே வந்து கையைக் காட்டினார்.

"மதி சேட்டா. இனி இரிக்கூ."

போதும், உட்காருங்கள் என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். நான் வாங்கிக் குடித்துவிட்டு, உட்காராமல் பையை எடுத்துக்கொண்டு பூட்ஸோடு கேலரிக்குக் கீழே புகுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னால் கூட்டம் ஒரு தடவை கூவியது. யார் போட்டார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் மாறி மாறி, மறுநாள் காலை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மனைவி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். என் காலைப் பார்த்தாள்.

"பூட்ஸுலயேவா வந்தீங்க?"

"ம்."

"மறுபடி எப்பப் போகோணுமுங்க?"

"போகோணும்னு இல்ல."

அவள் மெஷினை நிறுத்தவில்லை. கையிலிருந்த பீஸை முடித்து நூலை வெட்டிவிட்டுத்தான் எழுந்தாள். "தண்ணி காய வெக்கறேன், குளிங்க" என்றாள்.

அதன் பிறகு டி.வி.எஸ். ஃபிஃப்டியில் துணிக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு செக்கிங்குக்கும் அயர்னிங்குக்கும் அலைவது என் வேலையானது. அலைச்சல் எனக்கு ஒத்துக்கொண்டது. மகள் பள்ளிக்கூடத்தில், 'அப்பா டெலிவரி' என்று சொன்னாளாம். தப்பில்லை.

கரண்ட் போகும் மதியங்கள்தான் கஷ்டம். மெஷின்கள் நின்றதும் டெய்லர்கள் எல்லோரும் வெளியே வந்து நிழலில் உட்காருவார்கள். நான் ரயில்வே கேட் வரைக்கும் போய்விட்டு வருவேன், கரண்ட் வரவில்லை என்றால் மறுபடியும் போவேன். முதலில் என் மனைவி பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் எழுந்து வந்தாள். என் நடைக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"மெதுவாப் போங்க, ஓட்டப் பந்தயமா வெச்சிருக்காங்க?" என்றாள்.

மெதுவாக நடந்தேன். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது, நீளமான வண்டி. அது முழுசாகப் போகும் வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.