கெட்டுப்போன போத்தலுக்கு நன்றி

எனக்கு மணம் தெரியாது. பெருந்தொற்றுக் காலத்துக் காய்ச்சலோடு போன மூக்கு இன்னும் திரும்பி வரவில்லை. இதை என் மனைவி றெஜினாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

சொல்லாதது மட்டுமா? பழுது அவளுடைய மூக்கில்தான் என்று அவளை நம்பவிட்டேன். ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கக்கூடிய காரியம்... வாயை மூடிக்கொண்டிருந்தேன்! உங்களிடம் இதைச் சொல்வதற்குக்கூட, நீங்கள் எங்கள் வீட்டு மேசையில் வந்து உட்காரப்போவதில்லை என்ற துணிச்சல்தான் காரணம்.

என்னைத் திட்டுவதற்கு முன்னால், எங்கள் வீட்டில் என் மூக்குக்கு இருந்த பதவியை நீங்கள் அறியவேண்டும். றெஜினா கறித்தூளைக் கடையில் வாங்கமாட்டாள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தாச்சிச் சட்டியில் தானே வறுத்து அரைப்பாள். வறுக்கிறவருக்குப் புகைக்குள் நின்று நின்று மூக்கு மரத்துப்போகும். ஆகவே இறக்கும் பதத்தை வெளியிலிருந்து வருகிற ஒருவர்தான் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்.

கலியாணமான புதிதில் ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். அவள் முதன்முதல் தூள் வறுத்த அன்று அபாய மணி அலறி, கட்டடம் முழுவதும் படிக்கட்டால் இறங்கி வீதியில் நின்றது. தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. அந்த அமளிக்குள் நான் அவளிடம், மல்லி இன்னும் கொஞ்சம் வறுபட்டிருக்கலாம் என்றேனாம்! அன்றிலிருந்து என் மூக்குக்கு வீட்டில் தனி மரியாதை. பின்னர் விட்பியில் வீடு வாங்கியதும் அவள் வறுவலைக் கார் விடும் கராஜுக்கு மாற்றினாள். தேவாலயத்துச் சனங்களும் ஒஷாவாவில் இருக்கும் அவளுடைய சித்தியின் மகள் ஜெசிந்தாவும் அவளுடைய தூளுக்குக் காத்திருப்பார்கள். “வறுக்கிறது நான், பதம் பாக்கிறது அவர்” என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லுவாள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. இருவரும் படுத்தோம். அவள் முதலில் எழும்பினாள். நாளாந்தம் தொலைபேசியில் யாராவது ஒருவரின் சாவுச் செய்தி வந்த காலம் அது. மல்லித்தண்ணி அவித்து என் முகத்தருகே பிடித்தாள். பயத்தோடு என் முகத்தையே பார்த்தாள்.

“மணம் தெரியுதோ?”

ஒன்றுமே தெரியவில்லை. வெந்நீரின் ஆவி மட்டும் முகத்தில் பட்டது.

“ஓம், நல்லாத் தெரியுது” என்றேன்.

அவள் மாதாவுக்கு நன்றி சொல்லி அழுதாள். அந்தப் பொய்யை இப்போது கேட்டாலும் திரும்பச் சொல்லுவேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. நாளைக்கோ மறுநாளோ மூக்கு வந்துவிடும், யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன். வரவில்லை... வரவேயில்லை!

எப்படி இத்தனை காலம் அகப்படாமல் இருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். இனிப்பு, புளிப்பு, உப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியும். உறைப்பும் எரியும். மிளகாய் கமறினால் எவரையும்போல எனக்கும் இருமல் வரும், கண்ணீர் வழியும். அப்படி இருமுகிற மனிதனுக்கு மணம் தெரியாது என்று யார் சந்தேகிப்பார்கள்? வைத்தியரிடம் சொல்லலாம் என்றால் அங்கும் அவள் கூடவே வந்து பக்கத்துக் கதிரையில் இருப்பாள்.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு கராஜில் தூள் வறுத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். மிளகாய்க் கமறலில் இருமிக்கொண்டே போனேன்.

“இறக்கட்டோ? கருகல் மணம் ஒண்டு வாறமாதிரிக் கிடக்கு.”

நிறத்தைப் பார்த்தேன். கராஜ் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. “இல்லை, இன்னும் கொஞ்சம் பொறும்” என்று பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன்.

அவள் பொறுத்தாள். அரைத்து முடித்தபிறகும் அந்த மணம் போகவில்லை என்று கவலைப்பட்டாள். நானோ நல்ல பதம் என்று சாதித்தேன். கடைசியில் அவளே ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள். அந்தக் காய்ச்சல் வந்தவர்களில் சிலருக்கு இல்லாத கருகல் மணமெல்லாம் மணக்குமாம், தனக்கும் அதுதான் பிடித்துவிட்டது என்றாள். நான் மறுக்கவில்லை.

சில நாட்களில் ஜெசிந்தா என்னைத் தனியாக ஒதுக்கி, “அத்தான், அக்கா கவலைப்படுவா, சொல்லிப்போடாதேங்கோ. இந்தமுறை தூள் கருகிப்போச்சு” என்றாள்.

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. றெஜினாவின் மூக்கு சரி. நான்தான் அவளுடைய தூளைக் கெடுத்தேன். சொல்லிப்போடாதேங்கோ என்று ஜெசிந்தா கேட்டது எவ்வளவு வசதியாகப் போயிற்று எனக்கு!

அதற்குப் பிறகு றெஜினா தூள் வறுக்கவில்லை. இனித் தன்னால் ஏலாது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். கடையில் பைக்கற் தூள் வாங்கினாள். பால் பழுதாகிவிட்டதா, மீன் நல்லதா, சோறு அடிப்பிடித்துவிட்டதா என்று ஒவ்வொன்றையும் என்னிடம் நீட்டிக் கேட்பாள். குருடனிடம் வழி கேட்டு நடந்தாள், பாவம். நானும் வழி சொன்னேன்.

எங்கள் கலியாண நாளுக்கு மகள் எங்களை அரைநாள் வைன் சுற்றுலாவுக்கு அனுப்பினாள். ரொறொன்ரோ நகரத்திலிருந்து ஒரு சின்ன பஸ் நயாகராப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய், அந்த மண்ணில் விளைந்த வைன்களைச் சுவைக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுமாம். வைன் என்றாலே மணந்து பார்க்கிற விவகாரம் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். றெஜினாவோ புதுச் சப்பாத்துவரை வாங்கிவிட்டாள்.

வேறு வழியில்லாமல், புறப்படும் காலையில் மூக்கடியில் தலையிடிக்குப் பூசும் பாமை நன்றாக அப்பிக்கொண்டேன். யாராவது கேட்டால் மூக்கடைத்த தடிமன், பாமுக்கு மேலால் ஒன்றும் மணக்கவில்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா? வயதுக்கேற்ற புத்தி எனக்கு எப்போதுதான் வரும்!

அறுவடைக் காலம். கொடிகள் வரிசை வரிசையாகக் கறுத்த குலைகளோடு நின்றன. பெரிய உருக்குத் தொட்டிகளையும் மரப் பீப்பாய்களையும் காட்டிவிட்டு, வழிகாட்டிப் பெண் எங்களை ஒரு நீண்ட மேசையைச் சுற்றி நிறுத்தினாள். விழுங்க விருப்பமில்லாதவர்கள் துப்புவதற்கு நடுவில் ஒரு வாளி இருந்தது. நல்ல சாமானைத் துப்புவதற்கென்று பாத்திரம் வைத்த சனங்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று றெஜினா என் காதுக்குள் சொன்னாள்.

முதல் கிளாஸை வாங்கியதும் அவளுடைய கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. அவளுக்குத் தெரிந்த வைன் தேவாலயப் பூசையில் மட்டும்தானே இருக்கிறது! பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாகிப்போனது; எனக்கோ அவளை அப்படியே அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வழிகாட்டிப் பெண் நல்ல பிள்ளை. கிளாஸைச் சுழற்றுங்கள், மூக்கை உள்ளே விடுங்கள், மனதில் வருவதைச் சொல்லுங்கள், பிழையான பதில் என்று ஒன்றும் இல்லை என்றாள். மூக்கு மரத்துப்போனால் சொந்தச் சட்டைக் கையை மணந்து பாருங்கள், திரும்பி வந்துவிடும் என்றும் சொன்னாள். தூள் வறுக்கும்போதும் இப்படித்தானே என்று றெஜினா என்னை இடித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் தூள் வறுப்பதைப் பற்றி வாய் திறந்தது அப்போதுதான்.

பஸ்ஸில் வந்தவர்கள் ஆப்பிள் என்றார்கள், தேன் என்றார்கள். றெஜினாவோ கேட்டபோதெல்லாம் சிரித்துக்கொண்டு என்னைக் காட்டினாள். நானும் ஆப்பிள் என்றேன்.

மூன்றாவதாக ஒரு சிவப்பு வைன். புதுப் போத்தல் திறந்து, கூட்ட அவசரத்தில் வழிகாட்டிப் பெண் மளமளவென்று எல்லாருக்கும் ஊற்றினாள். நான் கிளாஸுக்குள் மூக்கைவிட்டு, “அருமையான மணம்” என்றேன். சிலர் தலையாட்டினார்கள்.

றெஜினா கிளாஸை மூக்கிலிருந்து எடுத்தாள். சட்டைக் கையை மணந்தாள். திரும்பவும் கிளாஸுக்குள் மணந்தாள்.

“ஈரச்சாக்கு மணக்குது” என்று மெல்லச் சொன்னாள். உடனேயே, “இல்லை, இல்லை. நீங்கள் நல்லமெண்டா நல்லம்தான். என்ர மூக்குத்தானே பிழை” என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன்... நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அந்த இடத்திலேயே உண்மையைக் கொட்டியிருப்பீர்கள். நான் கிளாஸைச் சுழற்றிக்கொண்டு நின்றேன்.

மனைவி என்ன சொல்கிறார் என்று வழிகாட்டிப் பெண் கேட்டாள். றெஜினா தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் தனக்கும் கொஞ்சம் ஊற்றி மணந்தாள். முகம் மாறியது. தக்கையில் பிடித்த பூஞ்சணத்தால் போத்தல் கெட்டுப்போயிருக்கிறது, சில வேளைகளில் இப்படி ஆவதுண்டு, ஊற்றுமுன் தானே பார்த்திருக்கவேண்டும், மன்னியுங்கள் என்றாள். எங்கள் எல்லாருடைய கிளாஸிலும் இருந்தது வாளிக்குள் போயிற்று. றெஜினாவைப் பார்த்து, உங்களுக்கு நல்ல மூக்கு, நன்றி என்று சொல்லிவிட்டு வேறு போத்தல் திறந்தாள்.

அவள் சாதாரணமாகச் சொன்ன வார்த்தை. ஆனால் என் மனைவியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! அதன்பின் ஒவ்வொரு கிளாஸுக்கும் அவள்தான் முதல் ஆளாகச் சொன்னாள். ஒன்றில் ஊறவைத்த புளி, ஒன்றில் நாவற்பழம், ஒன்றில் மழைக்குப் பிந்திய தார்வீதி. வழிகாட்டிப் பெண்ணும் ரசித்துக் கேட்டாள். கடைசியாக, பனியில் உறைந்த திராட்சையைப் பிழிந்து செய்த ஐஸ் வைன் தந்தார்கள். அதன் இனிப்பு மட்டும் என் நாக்கில் தெளிவாக விழுந்தது. அந்த இனிப்பைப் பிடித்துக்கொண்டு அவளுடைய சந்தோஷத்தைப் பார்த்து நின்றேன். என்னால் திருப்பிக் கொடுக்க முடியாததை ஒரு கெட்டுப்போன போத்தல் கொடுத்துவிட்டது. அந்தப் போத்தலுக்கும், அவசரத்தில் ஊற்றிய அந்தப் பிள்ளைக்கும், வற்புறுத்தி அனுப்பிய மகளுக்கும் நான் ஆயுள் முழுவதும் நன்றிக்கடன் பட்டவன். இதை மனமாரச் சொல்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ் வாவிக் கரையோரமாக ஓடியது. றெஜினா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

“அப்ப, அண்டைக்குத் தாச்சியில கருகினது உண்மைதான் போல, என்னப்பா?”

“இருக்கும்” என்றேன்.

“பாவம், உங்களுக்கும் அண்டைக்குத் தடிமனாக்கும். இருமிக்கொண்டுதானே வந்தனீங்கள்.”

பாருங்கள், என் குற்றத்துக்குச் சாக்குப்போக்கையும் அவளே தேடித் தருகிறாள்! சொல்லிவிடு, இதைவிட நல்ல நேரம் உனக்கு வராது என்று உள்ளுக்குள் ஒரு குரல் கெஞ்சியது.

“ஓம், தடிமன்தான்” என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையானாள்.

அடுத்த சனிக்கிழமை கராஜ் கதவு திறந்திருந்தது. தாச்சி அடுப்பில் ஏறியிருந்தது. பதம் பார்க்க என்னைக் கூப்பிடவில்லை. தானே இடையிடையே வாசலுக்கு வந்து சட்டைக் கையை மணந்துவிட்டுப் போனாள். தானே இறக்கினாள். எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? இனி என் பொய் யாரையும் கெடுக்காது, அப்படியே வயதாகிச் செத்துப்போகும் என்று நினைத்தேன்.

அரைத்து முடித்ததும் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். திராட்சைத் தோட்டத்தில் நினைவாகத் தந்த வைன் கிளாஸ் கையில் இருந்தது. அதன் அடியில் ஒரு கரண்டி புதுத் தூள். வழிகாட்டிப் பெண்ணைப்போலவே சுழற்றி என் மூக்கடியில் பிடித்தாள்.

“என்ன மணக்குது, சொல்லுங்கோ. பிழையான மறுமொழி எண்டு ஒண்டும் இல்லையாம்.”

ஆழமாக இழுத்தேன். மிளகாய் மட்டும் மூக்கை எரித்தது. இருமிக்கொண்டே, எனக்கு மனப்பாடமான வரிசையைச் சொன்னேன். மல்லி என்றேன். மிளகு, சீரகம், வெந்தயம் என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் குழந்தைபோலத் தலையாட்டினாள். முத்தாய்ப்பாக, “கறிவேப்பிலை நல்லாத் தூக்கிக் குடுக்குது” என்றேன்.

அவளுடைய தலையாட்டல் நின்றது.

என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல... அன்றைக்கு மல்லித்தண்ணியை நீட்டியபோது பார்த்த அதே பார்வை.

“கடையில கறிவேப்பிலை இல்லை. இந்தமுறை நான் போடேல்லை” என்றாள்.

தூளைப் போத்தலில் கொட்டினாள். கிளாஸைக் கழுவித் துடைத்துத் தட்டில் கவிழ்த்துவைத்தாள். பிறகு ஜெசிந்தாவுக்குத் தொலைபேசி எடுத்து, தூள் தயார், வந்து எடுத்துக்கொண்டு போ என்று பழைய குரலில் சொன்னாள்.

அவள் இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை. பாலையும் மீனையும் இப்போது என்னிடம் நீட்டுவதில்லை. என் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போடும்போது, இன்றைக்கு என்ன கறி, என்ன மணமாக இருக்கிறது என்று தானாகவே மெல்லச் சொல்லிக்கொண்டு போடுகிறாள். நான் கேட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன்.

ஒவ்வொரு நாளும் அவளுக்கு மனதுக்குள் நன்றி சொல்கிறேன். சொல்லவேண்டியது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். இன்று மத்தியானமும் வாயைத் திறந்தேன்... “இன்னும் கொஞ்சம் சொதி விடும்” என்றுதான் வந்தது.