வாசலில் கட்டிய வேப்பிலை

கொரோனாவின் இரண்டாவது அலையின்போது நடந்தது இது. திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகையில் என் அக்காவின் மாமியார் வீடு. டீக்கடைதான் பிழைப்பு. ஏழு மாதக் கர்ப்பிணியான அக்காவுக்குத் துணையாக நான் போயிருந்தபோது அவளுக்குக் காய்ச்சல், இருமல். ரசம் தீய்ந்த வாடைகூட அவளுக்குத் தெரியவில்லை. என்ன நோயென்று எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் தெருவை அடைத்துவிடுவார்கள், கடை படுத்துவிடும் என்று மாமியார் வாசலில் வேப்பிலை கட்டி, மருமகளுக்கு அம்மை என்று சொல்லிவிட்டார். அம்மை கண்ட வீட்டுக்குள் யார் வருவார்கள்?

குழந்தை நன்றாகத்தான் பிறந்தது. சில நாளில் பால் குடிப்பதை நிறுத்தியது. உடம்பெல்லாம் சிவந்து தடித்தது, மூச்சு வாங்கியது. மறுபடி வேப்பிலை கட்டினார் மாமியார்.

"அதே ஆத்தாதான் புள்ள மேல வந்துகினு கீறா. ஊசி போட்டா கோவிச்சிக்குவா."

"அத்தை, அக்காவுக்கு அம்மையே போடலியே. வேப்பிலை கட்டினதே நீங்கதானே?"

"நாலு எழுத்து படிச்சதும் இன்னா பேச்சு பேசறா பாரு."

"ஆங், படிச்சேன். அதான் பேசறேன்."

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு ஆட்டோ ஏறினேன். திருத்தணியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். மாமியாரும் அக்காவின் கணவர் பாவாவும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

கர்ப்பத்தில் கொரோனா வந்ததா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார்.

"இல்ல சார், அம்மை போட்டுச்சி" என்றார் மாமியார், கூசாமல். அக்கா வாயைத் திறக்கப் பயந்தாள். எல்லாம் தெரிந்த பாவா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் குறுக்கே புகுந்தேன்.

"பொய் சார். வந்தது கொரோனா. வேப்பிலை கட்டி மறைச்சாங்க."

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. தாய்க்குக் கொரோனா வந்துபோனால், அரிதாகச் சில பச்சைக் குழந்தைகளுக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அளவுமீறி, இதயம்வரை அழற்சி உண்டாகுமாம். அதற்கான மருந்தை ஏற்றினார்கள். குழந்தை பிழைத்தது.

மாமியார் ஊரில் சொன்னது வேறு. குடும்ப மானத்தை வாங்கியவள் நான். பிள்ளையைக் காப்பாற்றியது அவருடைய வேண்டுதல். திருத்தணி மலையில் குழந்தைக்கு மொட்டை போட்டபோது என்னைக் கூப்பிடவே இல்லை. நானாகப் படியேறிப் போனேன். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. பாவாவின் பங்காளி ஒருவர் மடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரையும் கேட்காமல் அக்கா குழந்தையை என் மடியில் வைத்தாள். அத்தனை பேர் எதிரில் அவள் வாய் திறந்து பேசியது அன்றுதான்.

"இவ மடியிலதான் எம்புள்ள உக்காரும்."

முருகனின் கோபமே தணிந்த மலை என்பார்கள். என் கோபம் அங்கேயும் தணியவில்லை. இன்றும் எந்த வாசலில் வேப்பிலையைப் பார்த்தாலும், உள்ளே யாருக்கு என்ன காய்ச்சல் என்று கேட்காமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.